க்-உம் ப்-உம் ஒன்றாய்ச் சேரும் ஒலி: எப்படிப் பழகுவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டத்து ஊரில் வளர்ந்தவர் நாக்கில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் புரளும். ஆனாலும் நைஜீரியாவின் யொரூபா, இக்போ மொழிகளில் உள்ள 'க்ப' சட்டென்று வந்துவிடாது. இதில் க் முந்தி, ப் பிந்தி என்ற கணக்கு இல்லை. அடிநாக்கு மேலே ஒட்டியிருக்கும்போதே உதடும் மூடியிருக்கும். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே விடுபடும். தனி ப்-க்கு ஆகும் நேரம்தான் இதற்கும் ஆகும்.

நேராக இதில் கை வைக்காமல் மூக்கொலியில் தொடங்குங்கள். 'மாங்காய்' என்பதை 'மாங்'கோடு நிறுத்தி 'ங்ங்ங்' என்று இழுங்கள். நாக்கை அசைக்காமல் உதட்டை மூடுங்கள், முனகல் அறக்கூடாது. நாக்கு இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்க்க உதட்டை மட்டும் திறங்கள். 'ங்' தொடர்ந்தால் சரி, 'ஆ' வந்தால் நாக்கு இறங்கிவிட்டது. மறுபடி மூடி, இரண்டையும் ஒருசேர விட்டு 'ஆ' சொன்னால் 'ங்மா' கிடைக்கும். 'கம்போங் மெலாயு' என்ற மலாய்ச் சொற்களை வேகமாகச் சொல்லும்போது பாதி ஒலி தானாகவே வருகிறது.

இனி நாக்கையும் உதட்டையும் மறுபடி மூடி, முனகியபடியே விரலால் மூக்கைப் பொத்தி, உடனே வாயைத் திறங்கள். தொண்டை அதிரும் 'க்ப' வரும். 'இக்போ' என்ற பெயரில் இருப்பது இதுதான். விரல் உதவி இல்லாமலே வரும்வரை பழகுங்கள். பிறகு தொண்டை அதிர்வை நிறுத்தினால் வல்லின 'க்ப'. யொரூபாவில் தொண்டை அதிராத தனி ப் கிடையாது. ஆங்கில 'P' எழுத்தைப் போட்டு இந்த ஒலியைத்தான் குறிக்கிறார்கள்.

'ரக்பி'யை 'ரக்குபி' என்னும் நம் பழக்கம் இங்கே கெடுக்கும். நடுவில் அரை உகரம் நுழைந்தாலே ஒலி இரண்டாகப் பிளந்துவிடும். மலாய்ப் பழக்கம் அதைவிட மோசம். 'அனாக்', 'பாப்பாக்' என்னும்போது கடைசி க் தொண்டையிலேயே வெட்டுப்படுகிறது, நாக்கு மேலே போவதே இல்லை. அந்த க்-ஐ இங்கே போட்டால் கேட்பவர் காதில் வெறும் ப்-தான் விழும்.

'அக்பா' என்று சொல்லிக் கைப்பேசியில் பதிந்து, பாதி வேகத்தில் கேளுங்கள். முதல் 'அ' முடியும்போது க்-ஐ நோக்கிப் போவதுபோலவும், அடுத்த 'ஆ' ப்-இலிருந்து கிளம்புவதுபோலவும் கேட்க வேண்டும். இடையில் சின்னதாக ஒரு 'க்' வெடித்தால் நாக்கு அவசரப்பட்டுவிட்டது. உதட்டைக் குவிக்கும் உ, ஓ பிறகு வரட்டும். செம்பனைக் குலை ஏற்றிய லாரி போகும் நேரத்தில் மட்டும் பதிய வேண்டாம். அதன் உறுமலில் தொண்டை அதிர்வு கேட்காமல் போய், இரண்டு 'க்ப'வும் ஒன்றுபோலத் தோன்றும்.