மீன் தொட்டியில் தவளையும் தலைப்பிரட்டையும்: மழைக்கு மறுநாள் காலையே பிடிக்க வேண்டிய வேலை

கொல்லையில் சிமென்ட் தொட்டி கட்டி மீன் விட்டவர்களுக்கு முதல் பெருமழை வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போகும். மழை பெய்த இரவு முழுக்கக் கத்தல். நாலு நாள் கழித்துப் பார்த்தால் தண்ணீரின் ஓரம் முழுக்கக் கறுப்பு வால்கள். அப்போது வலை வாங்க ஓடுவது தாமதம். முட்டையாக இருக்கும்போது கால் மணி நேரத்தில் முடியும் வேலை, தலைப்பிரட்டை ஆன பிறகு பத்து நாள் இழுக்கும். அதனால் இங்கே முட்டைக்கும் வேலிக்கும்தான் அதிக இடம்.

கீழே வரும் அளவுகள் 8 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி தண்ணீர் நிற்கும் தொட்டிக்கானவை. அதாவது சுமார் 2250 லிட்டர். உங்கள் தொட்டிக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில், வந்திருப்பது எது?

இதைப் பார்க்காமல் எதையும் வாங்காதீர்கள். நம் பக்கத்துத் தொட்டிகளுக்கு வருபவை பெரும்பாலும் நான்கு வகை.

சொறித்தவளை: உடம்பெல்லாம் பரு, நடந்தும் சிறு சிறு குதியாகவும் வரும். முட்டை நீளமான கண்ணாடிச் சரம் போல, உள்ளே வரிசையாகக் கறுப்புப் புள்ளிகளோடு இருக்கும். நீர்ச்செடியைச் சுற்றிக் கிடக்கும். தலைப்பிரட்டை சின்னது, நல்ல கறுப்பு, கூட்டமாகத் திரியும்.

தண்ணீரிலேயே மிதந்து, கிட்டே போனால் தண்ணீர் மேல் தத்தித் தத்தி ஓடுவது இரண்டாவது வகை. இதற்கு மழை கூடத் தேவையில்லை, நிரந்தரமாகத் தண்ணீர் நின்றால் போதும். தலைப்பிரட்டை பெரிதாக, பாசி நிறத்தில், அடிச்சேற்றில் பதுங்கும்.

மரத்தவளை: குளியலறைச் சுவரில் ஒட்டிக்கொண்டு இருக்குமே, அதுதான். தண்ணீருக்கு மேலே தொட்டிச் சுவரிலோ செடியிலோ சோப்பு நுரை போல ஒரு உருண்டை தெரிந்தால் இதன் வேலை. (சில ஊர்களில் இதைத் தேரை என்பார்கள், சில ஊர்களில் சொறித்தவளையைத் தேரை என்பார்கள். யாரிடமாவது யோசனை கேட்கும்போது பெயரைச் சொல்லாதீர்கள், முட்டையின் படத்தைக் காட்டுங்கள். பாதிக் குழப்பம் தீரும்.)

நான்காவது பெருந்தவளை. உள்ளங்கையை விடப் பெரிது, பச்சை உடம்பு, நடுமுதுகில் பெரும்பாலும் ஒரு வெளிர்கோடு. மழைக்காலத்தில் ஆண் மஞ்சளாக மாறிவிடும். உண்மையாகவே மீனைத் தின்பது இதுதான். வாய்க்குள் அடங்குகிற கப்பி, மோலி எதையும் விடாது. ஒரு காலத்தில் இதன் காலை வெட்டி ஏற்றுமதி செய்தார்கள், வயலில் பூச்சி பெருகியது பற்றிய கூச்சலுக்குப் பிறகு 1987இல் இந்தியா அதை நிறுத்தியது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் இருக்கும் உயிர், அடித்துக் கொல்லக் கூடாது.

மூன்று அங்குலத்துக்கு மேல் வளர்ந்த கோய், கோல்டு ஃபிஷ் மட்டும் வைத்திருப்பவர்கள் முதல் மூன்று வகையைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படத் தேவையில்லை. ஐம்பது தலைப்பிரட்டை பாசியையும் மிஞ்சிய தீனியையும் தின்றுவிட்டுப் போகும். ஐயாயிரம் ஆனால்தான் சிக்கல்: மீனுக்குப் போடும் தீனி மீனுக்குப் போய்ச் சேராது, கழிவு கூடும், மோட்டாரின் வடிகட்டி ஸ்பாஞ்சு அடைக்கும்.

முட்டை எடுக்கும் காலை

மழைக்கு மறுநாள் விடிந்ததும் தொட்டியைச் சுற்றி ஒரு நடை. எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள். நம் வெயிலில் சொறித்தவளை முட்டை ஒன்றிரண்டு நாளில் பொரிந்துவிடும், நாளைக்குப் பார்க்கலாம் என்பது இதில் எடுபடாது.

தேவை: ஒரு வாளியில் தொட்டித் தண்ணீர் பாதி, பிடியுள்ள மக் ஒன்று, ஒரு அடி நீளத் துடைப்பக்குச்சி, கொசுவலைத் துணி, கையுறை.

முட்டைச் சரத்தில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். கையால் பிடித்து இழுப்பார்கள். அது வழுக்கி, நடுவில் அறுந்து, பாதி செடிக்குள் போய்விடும். அந்தப் பாதியிலேயே ஏராளமான முட்டை இருக்கும். இழுக்கக் கூடாது, சுற்ற வேண்டும். குச்சியைச் சரத்துக்கு அடியில் விட்டு, நூடுல்ஸைக் கரண்டியில் சுற்றுவது போல மெதுவாகச் சுருட்டிக்கொண்டே வாருங்கள். இரண்டு சரம் இணையாகப் போகும், இரண்டையும் சேர்த்துச் சுருட்டுங்கள். செடியில் சிக்கினால் செடியோடு வெட்டி எடுங்கள். வேலம்பாசி ஒரு வாரத்தில் மறுபடி வளர்ந்துவிடும், அதற்காகப் பரிதாபப்பட வேண்டாம். எடுத்த பிறகு செடியின் அடித்தண்டைத் தண்ணீருக்குள்ளேயே விரலால் வருடிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத துண்டு கைக்கு வழுவழுவென்று தட்டும்.

தண்ணீர் மேல் ஏடு போலப் பரவிய முட்டைக்குக் குச்சி உதவாது. மக்கின் விளிம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு ஒரு நூல் கீழே அழுத்தினால் ஏடு தானாக உள்ளே வழியும். காற்று மோட்டாரையும் நீரூற்றையும் முன்பே நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் ஏடு உடைந்து தொட்டி முழுக்கப் பரவும்.

நுரைக்கூடு எல்லாவற்றிலும் சுலபம். பெயின்டர் வைத்திருக்கும் பட்டி பிளேடால் அடியிலிருந்து ஒரே வழியாகச் சுரண்டி ஒரு டப்பாவில் விழ விடுங்கள். மூன்று நான்கு நாளில் குஞ்சுகள் நுரையிலிருந்து கீழே தண்ணீரில் சொட்டத் தொடங்கும், அதற்குள் செய்தால் போதும்.

எடுத்ததை என்ன செய்வது? உங்கள் தோட்டத்திலேயே மீன் இல்லாத மழைக்குட்டையோ பழைய டப்போ இருந்தால் அதில் விடுங்கள். 50 லிட்டர் டப்புக்கு ஒரு பிடி முட்டை போதும், அதற்கு மேல் போட்டால் தண்ணீர் நாறி எல்லாமே செத்துவிடும். மிச்சம் உரக்குழிக்கு. பெருந்தவளை முட்டை என்று சந்தேகம் வந்தால் உரக்குழிக்குப் போகாமல் குட்டைக்கே போகட்டும். ஊர்க் குளத்திலோ ஏரியிலோ கொட்டவே கொட்டாதீர்கள். மக்கில் இரண்டு கப்பிக் குஞ்சு கூடவே போயிருக்கும், தவளைத் தோலைத் தாக்கும் கைட்ரிட் பூஞ்சை போன்ற நோயும் தண்ணீரோடு போகும்.

பொரிந்துவிட்டதா? தூக்குவலை

கடையில் விற்கும் கைவலையால் துரத்திப் பிடிப்பதில் பயன் இல்லை. நடுவில் வலையை வீசினால் எல்லாம் சேற்றுக்குள் போய்விடும். நீங்கள் சேற்றைக் கலக்கினால் அடியில் தேங்கிய கழிவு மேலே வந்து மீன்கள் வாயைத் தூக்கிக்கொண்டு மூச்சுக்குத் தவிக்கும்.

இரண்டடிக்கு இரண்டடி வெள்ளைக் கொசுவலைத் துண்டு எடுங்கள். நான்கு மூலையிலும் நூல் கட்டி, நான்கு நூலையும் ஒரு கழியின் நுனியில் சேர்த்து முடியுங்கள். நடுவில் ஒரு கூழாங்கல். மேலே வேகவைத்து ஆறிய கீரை ஒரு பிடி. காலை வெயில் விழும் ஆழமில்லாத ஓரத்தில் இறக்கிவிட்டு இருபது நிமிடம் அந்தப் பக்கமே போகாதீர்கள். பிறகு ஒரே தூக்கு. தயங்கித் தயங்கித் தூக்கினால் ஓரத்தால் வழிந்துவிடும்.

முதல் நாள் குறைவாகத்தான் வரும். அதே இடத்தில், அதே நேரத்தில் மூன்று நாள் கீரை வையுங்கள், நான்காம் நாள் கூட்டமாக வந்து குவியும். தொட்டி முழுக்க ஒரே ஆழமாக இருந்து ஓரமே இல்லையென்றால், இரண்டு ஹாலோ பிளாக்கை ஒரு மூலையில் அடுக்கி அதன் மேல் வலையை விரியுங்கள்.

சேற்றில் பதுங்கும் பெரிய வகைக்குத் தூக்குவலை அவ்வளவாக எடுபடாது. அதற்கு 2 லிட்டர் தண்ணீர் பாட்டில் பொறி: தோள் பகுதியில் வெட்டி, கழுத்தைத் தலைகீழாக உள்ளே செருகி, இரண்டு துணி கிளிப் போடுங்கள். சூடான ஆணியால் உடம்பில் இருபது துளை. உள்ளே கீரையும் ஒரு கல்லும். படுக்கவைத்து முழுக்க முழுக்க மூழ்கடித்தால் உள்ளே மாட்டிய எல்லாம் மூச்சு முட்டிச் சாகும். அடிப்பக்கம் இரண்டு அங்குலம் தண்ணீருக்கு மேல் நிற்கிற மாதிரி சாய்த்துக் கட்டுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள், இரவில் எடுத்துவிடுங்கள். கப்பி இருக்கும் தொட்டியில் கப்பியும் மாட்டும், பொறுக்கித் திரும்ப விட வேண்டியதுதான்.

சப்மெர்சிபிள் மோட்டாரின் வாயில் முன்ஸ்பாஞ்சு இல்லாமல் தலைப்பிரட்டைக் காலத்தைக் கடக்காதீர்கள். உறிஞ்சி அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஓட்டம் நின்று மோட்டார் சூடேறிப் போய்விடும். இந்த ஒரு மாதம் ஸ்பாஞ்சைத் தினமும் ஒருமுறை தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து போடுங்கள்.

எதை ஊற்றக் கூடாது

பிளீச்சிங் பவுடர், மயில்துத்தம், கல்லுப்பு, வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய். தலைப்பிரட்டையைக் கொல்லும் அளவுக்கு ஊற்றினால் மீனும் தப்பாது. அப்படியே மீன் தப்பினாலும், ஆயிரம் தலைப்பிரட்டை ஒரே நாளில் செத்து அழுகும்போது ஏறும் அம்மோனியா அதை முடித்துவிடும். யாராவது ஏற்கனவே ஊற்றிவிட்டால்: செத்ததை உடனே வாரி எடுத்து, கால் பங்குத் தண்ணீரை மாற்றி, இரண்டு நாள் தீனியை நிறுத்தி, காற்று மோட்டாரை இரவும் பகலும் ஓடவிடுங்கள். மறுநாளும் கால் பங்கு. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரினை எடுத்துவிட்டு ஊற்றுங்கள்.

விரால் குட்டி ஒன்று விட்டால் எல்லாவற்றையும் தின்றுவிடும் என்று சொல்வார்கள். உண்மைதான், எல்லாவற்றையும் தின்றுவிடும், கோயையும் சேர்த்து. கோல்டு ஃபிஷ் தவளை முட்டையைக் கொத்தும், ஆனால் சொறித்தவளையின் தலைப்பிரட்டையை வாயில் வைத்து உடனே துப்பிவிடும். அது நஞ்சு.

வேலி

புதிதாகத் தொட்டி கட்டப்போகிறவர்கள் விளிம்பைத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி, வெளிப்பக்கம் வழவழப்பாகப் பூசிவிடுங்கள். சொறித்தவளைக் கதை அதோடு முடிந்தது. தரை மட்டத்தில் கட்டிவிட்டவர்களுக்குத்தான் வலை.

தொட்டியிலிருந்து ஒன்றரை அடி தள்ளிச் சுற்றினால் 11க்கு 8 அடி, சுற்றளவு 38 அடி. ஒரு மீட்டர் அகல நைலான் கொசுவலை 13 மீட்டர் வாங்கினால் மடிப்புக்கும் சேர்த்துச் சரியாக இருக்கும். நாலடிக்கு ஒன்றாகப் பத்து அரை அங்குல பிவிசி குழாய், கட்டுக்கம்பி. அகலத்தில் ஆறு அங்குலம் மண்ணுக்குள், இருபத்தேழு அங்குலம் நிமிர்ந்து, மேலே ஆறு அங்குலம் வெளிப்பக்கமாக மடிந்து நிற்க வேண்டும்.

சொதப்புவது அடிப்பகுதியில்தான். நேராகப் புதைத்தால் ஈரமண்ணைப் பின்னங்காலால் தோண்டிக்கொண்டு உள்ளே வந்துவிடும். அந்த ஆறு அங்குலத்தை வெளிப்பக்கமாக ‘ட’ எழுத்தின் அடிக்கோடு போல மடித்துப் படுக்கவைத்து, மேலே செங்கல் அடுக்கி மண் போடுங்கள். வலை தொய்வாக இருந்தால் அதுவே ஏணி, மேல் விளிம்பில் ஒரு கம்பியை இழுத்துக் கட்டுங்கள். பூந்தொட்டியை வேலியில் சாய்த்து வைக்காதீர்கள். மோட்டார் வயர் நுழையும் இடத்தையும் வழிநீர்க் குழாயின் வாயையும் மறந்துவிட்டு மற்ற எல்லாம் செய்தவர்கள் ஏராளம், குழாய் வாயில் ஒரு துண்டு வலையைக் கட்டுங்கள்.

பறவைவலை, பழைய மீன்வலை வேண்டாம். மலிவுதான், ஆனால் சாரைப்பாம்பும் தண்ணீர்ப்பாம்பும் தலையை நுழைத்து மாட்டிக்கொள்ளும். காலையில் அதை அறுத்து விடுவது உங்கள் வேலையாகிவிடும்.

மரத்தவளைக்கு எந்த வேலியும் வேலியே இல்லை. கண்ணாடியிலேயே ஏறும். தொட்டி மேல் முழுக்க வலை போட்டாலும் வலை மேலேயே நுரை வைத்துவிட்டுப் போகும். மொட்டை மாடித் தொட்டி வைத்திருப்பவர்கள் பலரும் கேட்கும் “இவ்வளவு உயரத்துக்கு எப்படி வந்தது?” என்பதற்கும் பதில் இதுதான். அங்கே வாரம் இரண்டு முறை சுவரைப் பார்த்துச் சுரண்டுவதுதான் வழி.

தொட்டி அருகே வெள்ளை எல்ஈடி விளக்கு எரிந்தால் பூச்சி வரும், பூச்சிக்குத் தவளை வரும். விளக்கைப் பத்தடி தள்ளுங்கள், அல்லது மஞ்சள் பல்பாக மாற்றுங்கள்.

பெரிய தவளையை வெளியேற்றுதல்

வேலி போடுகிற அன்று இரவு டார்ச்சோடு போய் உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அவற்றை உள்ளே வைத்துப் பூட்டியது போல ஆகும். முகத்தில் ஒளி அடித்தால் அசையாது, பின்னாலிருந்து நனைந்த கையுறையோடு பிடியுங்கள். சொறித்தவளையைத் தொட்ட கையைக் கண்ணில் வைக்காதீர்கள். நாய் அதைக் கவ்வி நுரை தள்ளினால் வாயைப் பக்கவாட்டாகத் தண்ணீரால் கழுவி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். பிடித்ததை வேலிக்கு வெளியே, அதே தோட்டத்தில் விட்டால் போதும். பக்கத்துத் தெருவில் விட்டாலும் அடுத்த மழைக்குத் திரும்பி வந்து நிற்கும்.

துணை கிடைக்காத ஆண் சொறித்தவளை சில சமயம் மெதுவாக நீந்தும் கோல்டு ஃபிஷ்ஷையே கட்டிப் பிடித்துக்கொள்ளும், செவுள் மூடி மீன் சாகலாம். பிய்த்து இழுக்காதீர்கள். இரண்டையும் தண்ணீருக்குள் வைத்தபடியே முன்னங்கால்களை ஒவ்வொன்றாக விரலால் விலக்குங்கள்.

செங்குத்துச் சுவர்த் தொட்டியில் ஏறத் தெரியாமல் தவளைக்குஞ்சுகள் செத்து மிதந்தால், ஒரு பலகையில் கயிற்றுப்பாயைச் சுற்றி ஓரமாகச் சாய்த்து வையுங்கள். ஒரே வாரத்தில் அவை தாமாக ஏறிப் போய்விடும். அந்த ஒரு வாரம் மட்டும் வேலியின் ஒரு மூலையைத் தூக்கிக் கட்டிவிடுங்கள்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஜனவரியில் வேலியைக் கழற்றி, கழுவிக் காயவைத்து, எலி எட்டாத இடத்தில் சுருட்டி வையுங்கள். கோடை மழைக்கு முன் ஏப்ரல் கடைசியில் மறுபடி போடலாம். குழாய்கள் நட்ட இடத்திலேயே இருக்கட்டும்.