ரேம் சாய்த்த கணினியில் டம்ப் கோப்பைத் தொடுமுன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஓர் அலுவலகம். இரவில் சேர்வர் தானாக விழுந்து எழும்பியிருந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் அங்கிருந்த தம்பி நான்கு ரேம்களையும் கழற்றி, அழிறப்பரால் முனைகளைத் தேய்த்து, மேசையில் அடுக்கிவிட்டார்.

"எது எந்த ஸ்லொட்டில் இருந்தது, தம்பி?"

"எல்லாம் ஒரே மாதிரித்தானே, அண்ணை."

பிழை வந்தது இரண்டாவது ஸ்லொட்டில் என்று வன்பொருள் லொக்கில், அதாவது சேர்வரின் பிழைப் பதிவேட்டில், தெளிவாகப் பதிவாகியிருந்தது. அதில் இருந்த ரேம் எது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. கழற்றுமுன் கைபேசியில் ஒரு படம், ஒவ்வொன்றின் மேலும் பேனையால் ஓர் எண், இவ்வளவுதான் தேவைப்பட்டது.

அடுத்த தவறு, பழியை மின்சாரத்தின் தலையில் போடுவது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணி நேர மின்வெட்டைக் கண்ட நமக்கு, கணினி நின்றால் முதலில் வாயில் வருவது "கரண்ட்" என்ற சொல்தான். விண்டோஸ் நிகழ்வுப் பதிவில் 41 என்ற எண்ணைக் கண்டதும் பலர் அத்தோடு மூடிவிடுகிறார்கள். கணினி ஒழுங்காக மூடப்படாமல் மீண்டும் எழும்பியது என்பதற்கு மேல் அந்த எண் எதுவும் சொல்வதில்லை. அதன் விவரத்தைத் திறந்து பாருங்கள். நிறுத்தக் குறியீடு 292 என்றிருந்தால் வன்பொருள் முறையிட்டிருக்கிறது. நீலத்திரையில் வரும் 124 இதே எண்தான். அங்கே பதினாறை அடியாகக் கொண்ட பதினறும முறை, இங்கே நாம் வழக்கமாக எண்ணும் தசம முறை.

இனி டம்ப், அதாவது கணினி விழும்போது நினைவகத்தில் இருந்ததை நகலெடுத்து வைக்கும் கோப்பு. ஈசிசி எனப்படும் பிழைதிருத்தும் ரேம் ஒரு பிட் பிழையைத் தானே திருத்தும். இரண்டு பிட் கெட்டால் திருத்த முடியாது, அறிவிக்க மட்டும் முடியும். அறிவிப்பு வந்ததும், கெட்ட தரவு வட்டில் ஏறிவிடாமல் இருக்க, இயங்குதளத்தின் மையமான கேர்னல் வேண்டுமென்றே தன்னை நிறுத்திக்கொள்கிறது. ஆகவே அந்த நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த நிரலை டம்பில் கண்டுபிடித்து அதைக் குற்றவாளியாக்குவது, விபத்து நடந்த சந்தியில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவரைப் பிடிப்பது போன்றது. முதலில் லொக்கில் உள்ள நினைவக முகவரியையும் ஸ்லொட்டையும் பாருங்கள்.

சாதாரண மேசைக் கணினிகளில் பெரும்பாலும் ஈசிசி கிடையாது. அங்கே அறிவிப்பே வராது. இன்று நெட்வேர்க் டிரைவர், நாளை கிராஃபிக்ஸ் டிரைவர் என்று ஒவ்வொரு டம்பும் வேறொருவரைக் காட்டும். டிரைவர்களை மாற்றி மாற்றிப் பதிந்து ஒரு வாரத்தைத் தொலைப்பதைவிட ஓர் இரவு, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் நிரலை ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்த ரேமை நம்பாதீர்கள்.

லினக்ஸ் சேர்வரில் இன்னொரு பொறி உண்டு. அங்கே டம்ப் எடுக்கும் கேடம்ப், ஒதுக்கிவைத்த சிறு நினைவகத்தில் இரண்டாவது கேர்னலை எழுப்பி, செத்த கேர்னலின் நினைவகத்தைப் படித்து வட்டில் எழுதுகிறது. "முழு டம்ப் வேண்டும்" என்று விஎம்கோரை, அதாவது அந்த நினைவகம் முழுவதையும், அப்படியே நகலெடுக்கும்படி அமைத்திருந்தால், அது கெட்டுப்போன பக்கத்தையும் (நினைவகத்தின் சிறு துண்டு) போய்த் தொடும். மீண்டும் அதே பிழை. சேர்வர் திரும்பவும் எழும்பும். கையில் அரைகுறைக் கோப்பு. டம்பை வடிகட்டி எழுதும் மேக்டம்ப்ஃபைல் கருவி, கெட்டதென்று குறிக்கப்பட்ட பக்கங்களை விட்டுவிடும். ஆனால் உயிர்போகும் பிழை வந்தவுடன் அந்தக் குறியைப் போட்டுவிட்டு நிற்பது புதிய கேர்னல்கள்தான். பழையவை குறிக்காமலே விழுந்துவிடும். பழையதை வைத்துக்கொண்டு கருவியைத் திட்டிப் பயனில்லை.

விண்டோஸ் வழக்கமாகப் பழைய முழு டம்பின் மேலேயே புதியதை எழுதும். உடனே வேறிடத்துக்கு நகலெடுங்கள். வெளியே அனுப்புமுன், கடவுச்சொற்களும் வாடிக்கையாளர் விவரங்களும் அதற்குள் இருக்கக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள்.

தம்பியின் நான்கு ரேம்களையும் ஒவ்வொன்றாக அதே ஸ்லொட்டில் போட்டு, ஒவ்வோர் இரவும் லொக்கைப் பார்த்தோம். எல்லாவற்றிலும் பிழை வந்திருந்தால் ஸ்லொட்டைச் சந்தேகித்திருப்போம். மூன்றாவது இரவில், மூன்றாவது ரேமில் மட்டும் வந்தது.