கல்லில் இருப்பது சிப்பியா, பிராக்கியோபாடா?

அரியலூர் பக்கம் கிரெட்டேசியஸ் காலப் (டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலம்) பாறையில் இரண்டு ஓடுள்ள எது தென்பட்டாலும் சிப்பி என்று சொல்லிவிடுகிறோம், ஆனால் அதில் சில பிராக்கியோபாடாக இருக்கலாம், அதுவும் இரண்டு ஓடுள்ள கடல் உயிர்தான், ஆனால் முற்றிலும் வேறு விலங்குத் தொகுதி.

முதலில் பழைய டூத்பிரஷால் மண்ணைத் தேய்த்து எடுங்கள். ஒரு ஓட்டை நேராகப் பார்த்து, இரண்டு ஓடும் சேரும் இடத்தில் கூர்ந்திருக்கும் மூக்கிலிருந்து எதிர் விளிம்பு வரை நடுவே கோடு போட்டதாக நினையுங்கள். இடமும் வலமும் ஒன்றுபோல் இருந்தால் பிராக்கியோபாட் என்று சந்தேகிக்கலாம். அப்புறம் பக்கவாட்டில் திருப்புங்கள்: பிராக்கியோபாடில் மேல் ஓடும் கீழ் ஓடும் ஒரே அளவில் இருக்காது. சிப்பியில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. சிப்பி இனமான ஸ்காலப் மட்டும் ஏமாற்றும். மூக்கின் இருபுறமும் காது மாதிரி நீட்டல் இருந்தால் பெரும்பாலும் அதுதான்.

எனக்குப் பிடித்த அடையாளம் பிராக்கியோபாடின் பெரிய ஓட்டின் மூக்கில் உள்ள சின்னத் துளை, லென்ஸ் வைத்துப் பாருங்கள், அதன் வழியாக வந்த காம்புதான் உயிரைப் பாறையோடு பிடித்து வைத்திருந்தது. உள்ளே லோஃபோஃபோர் என்ற மயிரிழை உறுப்பு நீரை இழுத்து உணவை வடிகட்டியது. ஓட்டைத் திறக்கவும் தசைதான் வேண்டும் என்பதால், செத்த பிறகும் பல ஓடுகள் மூடியே கிடக்கின்றன. சிப்பியின் கீலில் உள்ள தசைநார், உயிர் போனதும் ஓட்டைத் திறந்துவிடும்.

சுமார் 54 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய கேம்பிரியன் காலத்தில் தோன்றிப் பல கோடி ஆண்டுகள் கடல் தரையில் கோலோச்சியவை பிராக்கியோபாடுகள், சுமார் 25.2 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் முடிவில் நடந்த பேரழிவில் பெரும்பாலானவை போய்விட்டன. இன்று மிஞ்சியவை சில நூறு இனங்களே.

எடுத்த இடத்தையும் பாறை அடுக்கையும் உடனே எழுதி வையுங்கள், அது இல்லாத புதைபடிவம் ஆய்வுக்கு அதிகம் உதவாது.