ஓபியாய்டு சினாப்ஸின் எந்தப் பக்கத்தில் வேலை செய்கிறது என்று கண்டறிவது எப்படி?

எலியின் மூளைச் சீவலில் மார்ஃபின் போன்ற ஓபியாய்டு ஒன்றைச் சேர்த்ததும், இரு நியூரான்கள் சந்திக்கும் சினாப்ஸில் சமிக்ஞை குறைந்தால், அதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். அனுப்பும் முனையில் உள்ள ஏற்பிகள் (ஓபியாய்டு வந்து ஒட்டும் புரதங்கள்) கால்சியம் கால்வாய்களைத் தடுத்து, நரம்புக்கடத்தி வெளியேறுவதைக் குறைத்திருக்கலாம். அல்லது பெறும் நியூரானின் ஏற்பிகள் பொட்டாசியம் கால்வாய்களைத் திறந்து, அது எளிதில் தூண்டப்படாதபடி செய்திருக்கலாம். மியூ, டெல்டா, கப்பா ஆகிய மூவகை ஏற்பிகளும் செல்லுக்குள் சமிக்ஞையைக் கடத்தும் ஜி-புரதங்களின் வழியாக இவ்விரண்டையும் செய்யக்கூடியவை என்பதால், ஏற்பியின் வகையை அறிவதால் மட்டும் பக்கம் தெரிந்துவிடாது.

முதலில் பெறும் பக்கத்தைச் சோதியுங்கள். பழகுவதற்கு மூளைத்தண்டிலுள்ள லோகஸ் செருலியஸ் பகுதியே நல்லது. உடலே உருவாக்கும் ஓபியாய்டான என்கெஃபலின் அங்குள்ள நியூரான்களில் பொட்டாசியம் கால்வாய்களைத் திறக்கிறது என்பது 1982-லேயே காட்டப்பட்டது. பொட்டாசியம் கரைசல் நிரப்பிய பிப்பெட்டால் (மின்னோட்டத்தைப் பதியும் நுண்ணிய கண்ணாடிக் குழாய்) நியூரானை −60 மில்லிவோல்ட்டில் நிறுத்தி, மியூ ஏற்பியைத் தூண்டும் டாம்கோவைச் செலுத்தினால், வெளிநோக்கிய மின்னோட்டம் மெல்ல எழுவதைத் திரையில் காணலாம். நெடுநேரம் செலுத்தினால் ஏற்பிகள் உணர்விழந்து மின்னோட்டம் தானாகவே தேய்ந்துவிடும். அதை மருந்து வெளியேறியதன் அடையாளமாகக் கொள்ளாமல், ஓபியாய்டு ஏற்பிகளைத் தடுக்கும் நலாக்சோனைச் சேர்த்து விளைவு மீள்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து, அனுப்பும் பக்கம். பிப்பெட்டில் பொட்டாசியத்துக்குப் பதிலாகச் சீசியத்தை நிரப்பினால், பெறும் நியூரானின் பொட்டாசியம் மின்னோட்டம் பெருமளவு அடங்கிவிடுவதால், எஞ்சும் விளைவைப் பிரித்துப் பார்ப்பது எளிதாகிறது. பிறகு 50 மில்லிவினாடி இடைவெளியில் இரண்டு தூண்டல்களைக் கொடுத்து, இரண்டாவது மறுமொழியை முதலாவதால் வகுத்துப் பாருங்கள். ஓபியாய்டு சேர்த்தபின் இவ்விகிதம் உயர்ந்தால், நரம்புக்கடத்தி வெளியேறும் வாய்ப்பு குறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். நரம்புத் துடிப்புகளைத் தடுக்கும் டெட்ரோடோடாக்சின் கரைசலில், துடிப்பின்றித் தானாக வெளியேறும் நரம்புக்கடத்தியால் பதிவாகும் சிறு மின்னோட்டங்களின் அளவு மாறாமல் எண்ணிக்கை மட்டும் குறைந்தாலும் அதே முடிவுதான். ஆனால் எண்ணிக்கை குறையவில்லை என்பதற்காக அனுப்பும் பக்கத்தை விலக்கிவிடக் கூடாது. இச்சிறு மின்னோட்டங்கள் பெரும்பாலும் கால்சியம் கால்வாய்களைச் சாராமலே எழுவதால், அக்கால்வாய்களின் தடை இங்கே புலப்படாமலும் போகலாம்.

இத்தனைக்குப் பிறகும், எந்த நியூரானில் ஏற்பி இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. நடுமூளையின் வென்ட்ரல் டெக்மென்டல் பகுதியில் ஓபியாய்டுகள், அடக்கும் நரம்புக்கடத்தியான காபாவை வெளியிடும் நியூரான்களை அடக்குவதால், அவற்றின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட்ட டோப்பமைன் நியூரான்கள் அதிகமாக மின்துடிப்புகளை எழுப்புகின்றன. 1992-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாக்கியது. ஆகவே ஓபியாய்டால் ஒரு நியூரான் தூண்டப்படுவதுபோல் தோன்றினால், பிக்ரோடாக்சினால் காபா-ஏ ஏற்பிகளைத் தடுத்துவிட்டு அதே சோதனையை மீண்டும் செய்து, அந்தத் தூண்டல் அப்போதும் நீடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.