கழிவு மண்ணில் கார்பனை எண்ணும்போது எங்கே தவறுகிறோம்?

தாதுவை எடுத்த பிறகு மிஞ்சும் அரைத்த கழிவு மண்ணைச் சுரங்கத்துறையில் டெய்லிங்ஸ் என்பார்கள். அதில் மக்னீசியம் நிறைந்த கனிமங்கள் இருந்தால், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைப் பிடித்துக் கல்லாக்கிவிடும். ஆஸ்திரேலியாவின் மவுன்ட் கீத் நிக்கல் சுரங்கத்தில், யாரும் எதுவும் செய்யாமலே ஆண்டுக்குச் சுமார் 40,000 டன் கார்பன் டை ஆக்சைடு இப்படிப் பிடிபடுவதாக 2014-இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அந்தச் சுரங்கம் அப்போது வெளியிட்டதில் இது ஏறக்குறைய 11 சதவீதம். இதைப் படித்துவிட்டு உற்சாகமாக ஆய்வில் இறங்கும் புதியவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்: பிடிபடாத கார்பனையும் வரவில் எழுதிவிடுகிறார்கள்.

முதல் சறுக்கல் டி.ஜி.ஏ. கருவியில். மாதிரியைச் சூடாக்கிக்கொண்டே எடை எவ்வளவு குறைகிறது என்று பார்க்கும் கருவி அது. 50 மில்லிகிராம் மண் வைக்கிறீர்கள். 500 முதல் 750 டிகிரிக்குள் 4 மில்லிகிராம் குறைகிறது. பிடிபட்ட கார்பன் கல்லாகி நிற்கும் கார்பனேட் கனிமங்களில் ஒன்றான மேக்னசைட் சிதைந்து வாயுவை விடும் வெப்பநிலையும் இதற்குள்தான் வருகிறது. ஆகா, 8 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு! கொஞ்சம் பொறுங்கள். செர்பன்டைன் என்ற மக்னீசியக் கனிமம் தன் படிக அமைப்புக்குள்ளேயே சுமார் 13 சதவீதம் தண்ணீரை வைத்திருக்கிறது. அது வெளியேறுவதும் இதே வெப்பநிலையில்தான். உங்கள் மண்ணில் 60 சதவீதம் செர்பன்டைன் இருந்தால், அதிலிருந்தே 3.9 மில்லிகிராம் தண்ணீர் வந்துவிடும். நீங்கள் கண்டுபிடித்தது கிட்டத்தட்ட வெறும் நீராவி. வெளியேறும் வாயுவை அகச்சிவப்புக் கருவியிலோ மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரிலோ பாருங்கள். இல்லையென்றால் அமிலத்தில் கரைத்து, வரும் வாயுவை அளக்கலாம். ஆனால் மேக்னசைட் குளிர்ந்த அமிலத்தில் லேசில் கரையாது, சூடாக்க வேண்டும்.

சரி, கார்பனேட் உண்மையிலேயே இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அது எப்போது வந்தது? பாறையில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக இருந்த கார்பனேட்டும் கழிவோடு சேர்ந்துதான் வந்திருக்கும். ஆலையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த மண்ணை ஒப்பீட்டுக்கு எடுத்து வைக்காதவர்கள் பிறகு தலையில் கைவைத்துக்கொள்வதுதான் மிச்சம். கார்பன்-14 சோதனையும் உதவும்: பழைய பாறைக் கார்பனில் அது இருக்காது, காற்றிலிருந்து புதிதாக வந்ததில் இருக்கும்.

அடுத்தது தாளில் போடும் கணக்கு. ஒரு டன் செர்பன்டைன் முழுவதும் வினைபுரிந்தால் சுமார் 480 கிலோ கார்பன் டை ஆக்சைடு பிடிக்கலாம். அந்த எண்ணை ஆய்வுத் திட்டத்தின் முதல் பக்கத்தில் போட யாருக்குத்தான் ஆசை வராது? ஆனால் சாதாரண வெப்பநிலையில் செர்பன்டைன் மிக மெதுவாகத்தான் கரையும். மேற்பரப்பில் சிலிக்கா படலம் மிஞ்சி, உள்ளே இருக்கும் மக்னீசியத்தை அடைத்துவிடும். சீக்கிரம் வேலை செய்வது ப்ரூசைட் என்ற மக்னீசியம் ஹைட்ராக்சைடு கனிமம். ஒரு டன் மண்ணில் அது 5 சதவீதம் இருந்தால், அதிலிருந்து கிடைப்பது 38 கிலோவுக்குள்தான். விளைபொருள் ஹைட்ரோமேக்னசைட் என்ற நீர் கலந்த கார்பனேட்டாக இருந்தால் இன்னும் குறையும். அதில் 5 மக்னீசியத்துக்கு 4 கார்பன்தான்.

ஆய்வகத்தில் தூய கார்பன் டை ஆக்சைடைச் செலுத்திக் குலுக்கிய குடுவையின் வேகத்தைக் கழிவு மேட்டுக்குப் பொருத்துவதும் அடிக்கடி நடக்கிறது. காற்றில் அந்த வாயு 0.04 சதவீதம்தான். மேடு காய்ந்துபோனால் வினை நிற்கும். நீர் தேங்கினாலும் கெட்டது, ஏனென்றால் வாயு நீருக்குள் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. மேலே இரண்டு விரற்கடை வெள்ளைக் கார்பனேட் படிவைச் சுரண்டி வந்து, முழு மேட்டின் கொள்ளளவால் பெருக்கினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். ஆழத்திலும் மாதிரி எடுங்கள்.

செலவுப் பக்கத்தையும் விடக்கூடாது. நைசாக அரைக்க மின்சாரம், சூடாக்க எரிபொருள். இவற்றால் வெளியான வாயுவைக் கழித்த பிறகு வருவதுதான் உங்கள் எண். அதோடு, டன் என்பது கார்பனா, கார்பன் டை ஆக்சைடா என்று எழுதுங்கள். இரண்டுக்கும் 3.67 மடங்கு வித்தியாசம்.

அப்புறம், கணக்கோடு சம்பந்தமில்லாத ஒன்று. செர்பன்டைன் மண்ணில் கிரிசோடைல் என்ற நார்க் கனிமம் இருக்கலாம், அது மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ். உலர்த்திச் சலிப்பதற்கு முன்பே நுண்ணோக்கியில் நார் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை மண் ஈரமாகவே, மூடிய பெட்டியில் இருக்கட்டும்.