டிஷ்வாஷர்: உப்புப் பெட்டியில் தொடங்கும் வம்பு

கொரோனா ஊரடங்குக்கு அப்புறம் எங்கள் அடுக்ககத்தில் டிஷ்வாஷர் இல்லாத வீடு குறைந்துவிட்டது. கூடவே வாட்ஸ்அப் குழுவில் போட்டோக்களும் வர ஆரம்பித்தன: வெள்ளை படிந்த எவர்சில்வர் டம்ளர், கறுத்துப்போன கடாய், பாதி கரைந்து கதவில் ஒட்டிக்கொண்டிருக்கும் டிடர்ஜென்ட் டேப்லெட். புதிதாக வாங்குபவர்கள் எல்லோரும் அதே பள்ளங்களில்தான் வரிசையாக விழுகிறார்கள். எனக்கும் அந்தப் பள்ளங்கள் பழக்கமானவைதான். தட்டில் மிச்சமிருக்கும் சோற்றை வழித்துப் போட்டுவிட்டு அடுக்க வேண்டும், டம்ளரைக் கவிழ்த்து வைக்க வேண்டும் என்பதெல்லாம் ரெண்டு நாளில் தானாகவே புரிந்துவிடும், அதற்குள் போகவில்லை. காசு பிடுங்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன். அதில் ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே பேசப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"டேப்லெட்லயே உப்பு இருக்கு, தனியா வேணாம்"

இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். மெஷினை மாட்ட வருபவர் சொல்கிறார், கடைக்காரர் சொல்கிறார், டேப்லெட் டப்பாவே "ஆல் இன் ஒன்" என்று பெரிதாகப் போட்டுக்கொண்டு வருகிறது. மெஷினோடு இலவசமாகக் கொடுத்த ஒரு கிலோ உப்பைக் கொட்டியதோடு சரி, அதற்கப்புறம் அந்த மூடியை யாரும் திறப்பதில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இந்தத் தவறைச் செய்ய மனசு வராது. மெஷினின் உள்தரையில், ஃபில்டருக்குப் பக்கத்தில், திருகு மூடி போட்ட ஒரு தொட்டி இருக்கிறது. அதோடு இணைந்த இன்னொரு அறையில் ரெசின் மணிகள் இருக்கும். குழாயிலிருந்து வரும் தண்ணீர் முதலில் இந்த மணிகளைத் தாண்டித்தான் பாத்திரத்துக்குப் போகும். அங்கே ஒரு பண்டமாற்று நடக்கிறது: தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் மணிகள் வாங்கிக்கொண்டு, பதிலுக்குத் தங்களிடமுள்ள சோடியத்தைக் கொடுக்கின்றன. கொடுத்துக் கொடுத்துச் சோடியம் தீர்ந்ததும் மெஷின் தொட்டியிலிருக்கும் உப்புக் கரைசலை மணிகள் மேல் ஓடவிட்டு, சேர்ந்த கால்சியத்தைக் கழுவி வெளியே தள்ளிவிட்டு மறுபடி தயாராகிறது. தொட்டியில் உப்பு இல்லையென்றால் மணிகள் சும்மா உட்கார்ந்திருக்கும், போர் தண்ணீர் அப்படியே உள்ளே போகும்.

டேப்லெட் போய் விழுவது பாத்திரங்களுக்கு நடுவில். அது ரெசின் இருக்கும் பக்கமே எட்டிப்பார்ப்பதில்லை. அதிலுள்ள ரசாயனம் தண்ணீரின் கடினத்தன்மையை, அதாவது அந்தக் கால்சியத்தையும் மக்னீசியத்தையும், கொஞ்சம் கட்டிப்போடும், அவ்வளவுதான். உப்பில்லாமல் ஆல் இன் ஒன் டேப்லெட் மட்டும் போதும் என்பது கடினத்தன்மை ஏறத்தாழ 21 ஜெர்மன் டிகிரி (மேனுவல்களில் வரும் அளவு) வரைதான் என்று மேனுவல்களே சொல்கின்றன. நம் கணக்கில் அது 375 பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் 375 பங்கு. குடிநீருக்கான இந்தியத் தரநிலையே, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை பரவாயில்லை என்கிறது. சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் லாரித் தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்து வரும் வீடுகளில் டேப்லெட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பிளாக்கில் ஒரு வீட்டில் பாத்திரம் சரியாகக் காயவில்லை, எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை என்று டேப்லெட் கம்பெனியை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் தண்ணீரே சூடாகவில்லை. மெக்கானிக் வந்து பிரித்தபோது ஹீட்டருக்குள் சுண்ணாம்பு செதில் செதிலாகப் பெயர்ந்து வந்தது. இப்போதைய மெஷின்கள் பலவற்றில் தண்ணீரைச் சுழற்றும் பம்ப்பும் ஹீட்டரும் ஒரே பாகம், ஒன்று போனால் இரண்டையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். எஸ்டிமேட் பத்தாயிரத்தைத் தாண்டியது. "தண்ணி சரியில்ல சார்" என்றார் மெக்கானிக். உப்பு வேண்டாம் என்று மாட்டிவிட்டுப் போனதும் அதே சர்வீஸ் சென்டர் ஆள்தான்! அந்தத் தொகைக்கு எத்தனை வருஷத்துக்கு உப்பு வாங்கலாம்?

உப்பு தீர்ந்தால் எரிய வேண்டிய விளக்கு எரியவில்லையே, அப்படியென்றால் உப்பு இருக்கிறது என்றுதானே அர்த்தம் என்று கேட்பார்கள். தண்ணீரின் கடினத்தன்மை செட்டிங் பூஜ்யத்தில் இருந்தால் பல மெஷின்களில் அந்த விளக்கே எரியாது. மாட்டிவிட்டுப் போனவர் பூஜ்யத்தில் விட்டுவிட்டுப் போயிருந்தால் நீங்கள் காலம் முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான். மேனுவலை எடுத்து செட்டிங்கைப் பாருங்கள்.

இன்னொரு கூட்டம் உப்பு போடுகிறது, சமையல் உப்பைப் போடுகிறது. தூள் உப்பில் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருட்கள் உண்டு, நைஸாகவும் இருப்பதால் தொட்டிக்குள் இறுகிக்கொள்ளும். தூத்துக்குடிக் கல்லுப்பு ஊறுகாய்க்கு அருமையான சரக்கு, ஆனால் அதில் நாம் எதை விரட்டப் பார்க்கிறோமோ அந்தக் கால்சியமும் மக்னீசியமும்தான் ஒட்டிக்கொண்டு வருகின்றன, கூடவே கொஞ்சம் மண்ணும். டிஷ்வாஷர் உப்பு என்றே விற்பதை வாங்குங்கள், இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

போடும் முறையிலும் கோட்டை விடுகிறார்கள். முதல் தடவை மட்டும் தொட்டியில் தண்ணீர் ஊற்றிவிட்டு உப்பு போட வேண்டும், அப்புறம் எப்போதும் வெறும் உப்பு போதும். கொட்டும்போது உப்புத் தண்ணீர் வழிந்து வெளியே வரும், அது சகஜம். அந்தத் தண்ணீரை அப்படியே தேங்கவிட்டு ராத்திரிதான் மெஷினை ஓட்டுவேன் என்றால் ஸ்டீல் தரை அரித்துப் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்கும். மெஷினை ஓட்டப்போகும் நேரத்தில் உப்பைக் கொட்டி, மூடியின் திருகில் ஒட்டியிருக்கும் கல்லைத் துடைத்துவிட்டு, இறுக்கமாக மூடி, உடனே ஓட்டிவிடுங்கள்.

அந்தத் தொட்டியில் தவறுதலாக டிடர்ஜென்ட் பவுடரைக் கொட்டிவிட்டால் மெஷினை ஓட்டவே ஓட்டாதீர்கள். ரெசின் பாழாகிவிடும். ஊருக்கு வந்திருக்கும் அம்மாவோ, புதிதாக வேலைக்கு வந்த அக்காவோ உதவி செய்யப்போய் இப்படி நடப்பது அதிகம். மூடி மேல் ஸ்கெட்ச் பேனாவால் "உப்பு" என்று எழுதி வையுங்கள்.

வெள்ளை படிந்த டம்ளரை என்ன செய்வது? எலுமிச்சை மூடியால் ஒரு தேய்ப்பு தேயுங்கள். போய்விட்டால் அது சுண்ணாம்பு, உப்பு இல்லை அல்லது செட்டிங் குறைவு. தேய்க்கும் முன் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், உப்புக் கரித்தால் தொட்டி மூடி சரியாக மூடவில்லை. கண்ணாடி டம்ளராக இருந்து, எலுமிச்சைக்கும் போகாமல் மங்கலாகவே நின்றால் கண்ணாடியே அரிபட்டிருக்கிறது. அது திரும்பாது.

டிடிஎஸ் மீட்டரை நம்பி செட்டிங் வைப்பது

மாட்ட வருபவர் பேனா மாதிரி ஒரு மீட்டரைத் தண்ணீரில் முக்கி "ஆயிரத்து இருநூறு" என்பார், நாமும் தலையாட்டுவோம். டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் எல்லாவற்றின் கூட்டுத்தொகை, சாப்பாட்டு உப்பு கரைந்திருந்தாலும் ஏறும். கடினத்தன்மை என்பது கால்சியமும் மக்னீசியமும் மட்டும். உங்கள் அடுக்ககத்தில் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னர் பிளான்ட் இருந்தால் ஒரு சோதனை செய்து பாருங்கள்: பிளான்ட்டுக்குள் போகும் தண்ணீரிலும் வெளியே வரும் தண்ணீரிலும் டிடிஎஸ் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும், கடினத்தன்மை மட்டும் விழுந்திருக்கும்.

சொட்டு சொட்டாக விட்டு நிறம் மாறுவதைப் பார்க்கும் ஹார்ட்னெஸ் கிட் ஆன்லைனில் கிடைக்கிறது. சமையலறைக் குழாயில் பிடித்த தண்ணீரில் பாருங்கள். வருகிற பி.பி.எம். எண்ணை 17.8ஆல் வகுத்தால் ஜெர்மன் டிகிரி, மேனுவலில் பெரும்பாலும் அதுதான் இருக்கும். 600 என்றால் ஏறக்குறைய 34. பல மெஷின்களின் உச்சபட்சத் தாங்குதிறன் 50, அதாவது 890 பி.பி.எம். அதற்கு மேல் போனால் மெஷினுக்கு முன்னால் தனி சாஃப்ட்னர் வைக்காமல் தப்பிக்க முடியாது. சென்னையில் மழைக்காலத்தில் மெட்ரோ தண்ணீர், ஏப்ரலில் லாரி என்று மாறுகிற வீடுகளில் கோடையில் இன்னொரு தடவை பார்த்து செட்டிங்கை ஏற்றுங்கள்.

சிங்க்கில் தேய்க்கும் லிக்விட்

ஒரு சொட்டுகூட வேண்டாம். நுரை பொங்கி வழிந்து மெஷினுக்கு அடியிலுள்ள தட்டில் இறங்கினால் மிதவை ஸ்விட்ச் தூக்கிக்கொண்டு மெஷின் நின்றுவிடும், போஷ் மெஷின்களில் இ15 என்று காட்டுவது இதைத்தான். பிளக்கைப் பிடுங்குங்கள், குழாயை மூடுங்கள், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

எல்லாப் பாத்திரத்தையும் உள்ளே தள்ளுவது

இண்டாலியம் கடாய், அலுமினியக் குக்கர், அலுமினிய இட்லித் தட்டு மூன்றும் கறுத்துப்போகும். டிடர்ஜென்ட்டின் காரத்தன்மை அலுமினியத்துக்கு ஆகாது. இரும்புத் தோசைக்கல்லை உள்ளே வைத்தால் மாதக்கணக்கில் பழக்கி ஏற்றிய எண்ணெய்ப் படலம் ஒரே ஓட்டத்தில் காலி, மறுநாள் தோசை ஒட்டும், வீட்டில் சண்டை. கல்சட்டி, ஈயச்சொம்பு, பித்தளை, மரக்கரண்டி எதுவும் வேண்டாம். எவர்சில்வருக்கு ஒரு பயமும் இல்லை. பிளாஸ்டிக் டப்பாவில் ஏறிய மஞ்சள் கறை மெஷினில் போகாது, வெயிலில் காயவைத்தால் மங்கும்.

ஃபில்டரைப் பூட்டாமல் விடுவது

ஃபில்டரைக் கழுவ வேண்டும் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. கழுவிய பின் திருப்பிப் பூட்டுவதில்தான் கோட்டை விடுகிறார்கள். அம்புக்குறிகள் ரெண்டும் நேருக்கு நேர் வரும்வரை திருக வேண்டும். அரைகுறையாக நின்றால் ஓரத்து இடைவெளியில் தாளித்த கடுகு உள்ளே போய்விடும், அப்புறம் தண்ணீர் பீய்ச்சும் கையின் ஓட்டைகளில் வந்து உட்கார்ந்துகொள்ளும். மேல் தட்டில் மட்டும் பாத்திரம் அழுக்காகவே வருகிறதென்றால் அந்தக் கையைக் கழற்றி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள், அடைத்திருக்கும் ஓட்டை தெரியும். பல்குத்தும் குச்சியால் குத்தி எடுங்கள், குச்சியை உடைத்து உள்ளேயே விட்டுவிடாதீர்கள். எலுமிச்சை விதையும் உடைந்த கண்ணாடிச் சில்லும் இன்னும் உள்ளே போய் டிரெய்ன் பம்ப்பைப் பிடித்துக்கொள்ளும். அப்போது அழுக்குத் தண்ணீர் வெளியேறாமல் அடியில் தேங்கி நிற்கும்.

மெஷினை மூடும் முன் அந்தக் கையை விரலால் ஒரு சுற்று சுற்றிவிடுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் குழம்புக் கரண்டி தட்டினால் அப்போதே தெரிந்துவிடும். கதவிலுள்ள டேப்லெட் பெட்டிக்கு எதிரே பெரிய தாம்பாளத்தை நிறுத்தாதீர்கள், மூடி திறக்க வழியில்லாமல் போகும்.

மெக்கானிக்குக்கு முன்னால் குழாய்

தண்ணீர் வரவில்லை என்று மெஷின் கத்தினால் முதலில் யோசிக்க வேண்டியது: சமீபத்தில் மாடித் தொட்டி கழுவினார்களா? கழுவினால் கிளம்பும் மணலும் துருவும் நேராக வந்து இன்லெட் ஹோஸ் தொடங்கும் இடத்திலுள்ள சின்ன வலையில் அடைத்துக்கொள்ளும். குழாயை மூடி, ஹோஸைக் கழற்றி, வலையை மெல்ல இழுத்துப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துப் போட்டால் முடிந்தது. இதற்கு விசிட்டிங் சார்ஜ் கொடுத்தவர்கள் எங்கள் பிளாக்கில் நிறைய. ஹோஸின் முனையில் தடித்த பெட்டி இருந்தால் அதற்குள் மின்சார வால்வு இருக்கிறது, அதைத் தண்ணீரில் முக்காதீர்கள், ஹோஸை வெட்டி நீட்டவும் பார்க்காதீர்கள்.

வலை சுத்தமாக இருந்தும் தண்ணீர் வரவில்லை, நீங்கள் இருப்பது கடைசி மாடி என்றால் அழுத்தம் போதவில்லை. நிறைய மெஷின்கள் குறைந்தது 0.5 பார் கேட்கும், அதாவது குழாய்க்கு மேல் 5 மீட்டர் உயரத்தில் தண்ணீர் நிற்க வேண்டும். தலைக்கு மேலேயே தொட்டி இருக்கும் வீட்டில் அந்த உயரம் கிடைக்காது, சின்ன பிரஷர் பம்ப் வைக்க வேண்டியதுதான்.

டிரெய்ன் ஹோஸைத் தரையில் போடுவது

யுடிலிட்டி ஏரியாவின் ஜல்லடைக்குள் ஹோஸைச் சொருகிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். மேனுவலில் சொன்ன உயரம்வரை ஹோஸ் மேலே ஏறித்தான் கீழே இறங்க வேண்டும், இல்லையென்றால் பாத்திரம் கழுவ நிரப்பிய தண்ணீர் தானாகவே வடிந்து போய்விடும் ஆபத்து உண்டு. எலி கடிப்பதும் இந்த ஹோஸைத்தான். மெஷினுக்கு அடியில் காரணமில்லாமல் ஈரம் தெரிந்தால் டார்ச் அடித்து ஹோஸ் முழுவதையும் பாருங்கள்.

எப்போதும் ஈக்கோ

ஈக்கோ குறைந்த சூட்டில் ஓடும் புரோகிராம். நெய்யும் எண்ணெயும் புழங்கும் வீட்டுக்கு மாதம் ஒரு தடவையாவது 70 டிகிரி புரோகிராம் வேண்டும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்

கூடாது. 16 ஆம்பியர் சாக்கெட், நேராகச் சுவரில்.