தேடி வருபவர் கண்டுகொள்ளும் இணையத்தளம்: தகவல்களை வகுத்துப் பெயரிடும் முறை

கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வகுப்புகள் நடத்தும் ஒரு தனியார் கல்வி நிலையத்துக்கு நீங்கள் இணையத்தளம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். மெனுவில் 'எம்மைப் பற்றி', 'கல்விப் பிரிவு', 'நிதிப் பிரிவு', 'ஏனையவை' என்ற தலைப்புகள் உள்ளன. சாதாரண தர விஞ்ஞான வகுப்பு சனிக்கிழமை எத்தனை மணிக்கு, மாதக் கட்டணம் எவ்வளவு என்று அறிய வரும் ஒரு தாய் இவற்றுள் எதை அழுத்துவார்? நேரம் ஓரிடத்திலும் கட்டணம் வேறோரிடத்திலும் இருக்க, வகுப்பு இரத்தான அறிவித்தல் 'ஏனையவை'க்குள் கிடக்கிறது. அலுவலகம் பிரிந்திருக்கும் விதத்திலேயே தளத்தையும் பிரித்ததால் வந்த வினை இது. வருபவர் கொண்டுவரும் கேள்வியை ஒட்டியே தளம் பிரிக்கப்பட வேண்டும். கீழே வரும் படிகள் அதற்கானவை.

படி 1: இருப்பதைப் பட்டியலிடுதல்

ஒரு விரிதாளில் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வரி ஒதுக்கி, பக்கத்தின் பெயர், யாருக்கு உரியது, யார் பொறுப்பு, கடைசியாகத் திருத்திய திகதி ஆகியவற்றை எழுதுங்கள். காலாவதியான பக்கங்களை இப்போதே நீக்கிவிடுங்கள்.

படி 2: கேள்விகளைச் சேகரித்தல்

நிலையத்தின் தொலைபேசிக்குப் பதில் சொல்பவரிடமும் வட்ஸ்அப் செய்திகளிலும் உங்களுக்கு வேண்டிய சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. "மிஸ், ஓ எல் சயன்ஸ் கிளாஸ் எத்தின மணிக்கு?" என்று வந்த செய்தியை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், செந்தமிழாக்கித் திருத்தினால், மக்கள் உண்மையில் எந்தச் சொல்லால் தேடுகிறார்கள் என்ற தடயம் அழிந்துவிடும்.

படி 3: அட்டைகளைப் பிரிக்கச் சொல்லுதல்

கார்ட் சோர்ட்டிங் எனப்படும் இம்முறைக்குச் செலவே இல்லை என்பதால் இதை எவரும் தவிர்க்கக் கூடாது. சுமார் 40 சிறு அட்டைகளில், அட்டைக்கு ஒன்றாக, 'விஞ்ஞானம் தரம் 10 நேரசூசி', 'கட்டணம் செலுத்தும் முறை', 'கடந்தகால வினாத்தாள்கள்' என்று எழுதி, பெற்றோரிடமும் மாணவரிடமும் தனித்தனியே கொடுத்து, ஒன்றாக இருக்க வேண்டியவற்றைச் சேர்த்து ஒவ்வொரு குவியலுக்கும் பெயர் வைக்கச் சொல்லுங்கள். பயன்பாட்டியல் ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் இதற்கு 15 பேரைப் பரிந்துரைத்தார். சிறிய தளத்துக்கு ஆறேழு பேர் கிடைத்தாலும் தொடங்கிவிடுங்கள். அவர்கள் பிரிக்கும்போது குறுக்கே பேசாதீர்கள். எந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தயங்குகிறார்கள் என்று கவனியுங்கள். அந்த அட்டைதான் பின்னர் தளத்திலும் தொலையும்.

படி 4: வரிசைக்கு ஓர் அடிப்படை

இடம், அகரவரிசை, காலம், வகை, படிநிலை என்ற ஐந்து வழிகளில் தகவலை ஒழுங்குபடுத்தலாம் என்று அமெரிக்கக் கட்டடக் கலைஞரும் வடிவமைப்பாளருமான ரிச்சர்ட் சால் வர்மன் வகுத்துக் காட்டினார். நம் எடுத்துக்காட்டில் ஒரே வகுப்புக்குத் தரம், பாடம், மொழிமூலம், இடம், நாள் என்று பல முகங்கள் உண்டு. சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தைப் பொறுப்பேற்று நடத்திய எஸ். ஆர். ரங்கநாதன், 1933இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறையில், ஒரு நூலின் பொருளை இப்படிப் பல முகங்களாகப் பிரித்துக் குறிக்கும் வழியை உருவாக்கினார்; வேண்டியதை மட்டும் தெரிந்து காட்டும் இன்றைய தளங்களின் வடிகட்டிகளும் (filters) இதே சிந்தனையில்தான் இயங்குகின்றன. ஆகவே பெற்றோர் முதலில் கேட்கும் தரத்தை மெனுவில் வைத்து, மற்றவற்றை வடிகட்டிகளாக விடுங்கள்.

அகரவரிசையைப் பயன்படுத்தும் இடங்களில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. கணினி ஒவ்வோர் எழுத்துக்கும் தரப்பட்ட யுனிகோட் எண்ணை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் 'கனடா, கற்றல், கலை, களம், கழகம், கவிதை' என்று வரும். நமது அகராதி வரிசையோ 'கலை, கவிதை, கழகம், களம், கற்றல், கனடா' என்பதாகும். இணையத்தளங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழியில், மொழிக்கேற்ப வரிசைப்படுத்தும் இன்டல் கொலேட்டர் (Intl.Collator) என்ற கருவிக்குத் தமிழ் மொழிக் குறியீட்டைக் கொடுத்தால் இது சரியாகும். ஆசிரியர் பெயர்ப் பட்டியலை வெளியிடுமுன் இதைக் கட்டாயம் சோதியுங்கள்.

படி 5: பெயரிடுதல்

ஒரு தலைப்பைப் படித்ததும் உள்ளே என்ன இருக்கும் என்று ஊகிக்க முடிய வேண்டும். 'சேவைகள்' என்பது எதையும் சொல்வதில்லை. 'நேரசூசியும் கட்டணமும்' எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. 'இங்கே அழுத்துக' என்ற இணைப்பையும் விட்டுவிடுங்கள், ஏனெனில் திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் கொண்டு இணைப்புகளை மட்டும் கேட்டுச் செல்லும் பார்வையற்ற ஒருவருக்கு அது பொருளற்ற ஒலி. மெனுவில் 'க.பொ.த. சாதாரண தரம்' என்று முறையாக எழுதினாலும், 'ஓ எல்', 'ஓ லெவல்' என்று தேடுபவருக்கும் அதே பக்கம் கிடைக்கும்படி தேடல் பெட்டியில் அச்சொற்களை இணைத்துவையுங்கள்.

கொழும்பில் ஒரு தளம் பெரும்பாலும் மும்மொழியில் இருக்கும். மொழி மாற்றும் பொத்தானில் ஒவ்வொரு மொழியின் பெயரையும் அந்தந்த மொழியின் எழுத்திலேயே எழுதுங்கள். தரம் 10 நேரசூசியில் நின்று 'தமிழ்' என்பதை அழுத்துபவர் தமிழிலுள்ள அதே நேரசூசிக்குப் போக வேண்டும். அவரை முகப்புக்குத் திருப்பி அனுப்புவது, தமிழ் வாசகரை மீண்டும் முதலிலிருந்து தேட வைக்கும் அநீதி.

படி 6: வடிவமைக்குமுன் சோதித்தல்

நிறமும் படமும் சேர்க்குமுன், தலைப்புகளையும் உபதலைப்புகளையும் மட்டும் ஒரு தாளில் எழுதி, அட்டை பிரிக்காத வேறு சிலரிடம் கொடுங்கள். "இந்தச் சனிக்கிழமை வகுப்பு இருக்கிறதா என்று எங்கே பார்ப்பீர்கள்?" என்று கேளுங்கள், கேள்வியில் மெனுவிலுள்ள சொல் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பலரும் ஒரே தவறான இடத்துக்குப் போனால், அந்தத் தகவலை அங்கேயே நகர்த்துங்கள், அல்லது அங்கிருந்து ஓர் இணைப்புக் கொடுங்கள். தளம் வெளியான பிறகு மாதம் ஒருமுறை தேடல் பெட்டியில் மக்கள் தேடியவற்றின் பதிவேட்டைத் திறந்து, விடை கிடைக்காத சொற்களைத் தேடலில் சேர்த்துவிடுங்கள்.